உயிரியல் மாணவர்க்குரிய புள்ளிவிபரவியற் பாடமும் அதனைப் பேணும் முறையும்

பாடநூலொன்றை ஆக்குதல் ஒரு பணி. ஆக்கிய நூலை ஆண்டுதோறும் பேணுதல் பிறிதொரு பணி. முன்னதைச் செய்வோர் அறிஞரென மதிக்கப்படுவர். பின்னதைச் செய்வோர் யாரென்று எவரும் வினவுவதில்லை. இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர், சென்ற ஆண்டு படித்த செய்யுள் இவ்வாண்டும் அவ்வாறே இருக்கும் என்னும் துணிவுடன் வகுப்பினுட் புகலாம். உயிரியல் மாணவர்க்குப் புள்ளிவிபரவியல் கற்பிப்போர்க்கு அத்துணிவு கிடைப்பதில்லை. இன்று அப்பாடங்களுட் பல இணையத்திலே வைக்கப்பட்டுள்ளன. மாணவன் பாடத்தைத் திறந்து, அங்குள்ள கட்டளையைத் தன் கணினியில் இட்டு, அங்குக் கூறிய விடை தனக்கும் வருகின்றதா என ஒப்பிட்டுப் பார்க்கின்றான். விடை வாராவிடின் தன் அறிவின் மீதே முதலில் ஐயங்கொள்கின்றான். கணிதத்துக்கு அஞ்சி உயிரியலை நாடிய மாணவனாயின் அவ்வையம் எளிதில் நீங்குவதன்று. பழுதுபட்டது பாடமாக இருக்கலாம் என்பது அவனுக்குத் தோன்றுவதேயில்லை.

ஆகவே, இத்தகைய பாடத்தில் எதனை மாற்றுவது, எதனை மாற்றாது வைப்பது என்னும் வினா ஆராயத்தக்கது. அவ்வாராய்ச்சியை இணையத்தினும் மூத்த ஒரு நூலிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும்.

1925 ஆம் ஆண்டு எடின்பரோ நகரத்து ஒலிவர் அன்ட் போய்ட் பதிப்பகத்தார் வெளியிட்ட 'ஆய்வாளர்க்குரிய புள்ளிவிபரவியல் முறைகள்' என்பதே அந்நூல். அதன் ஆசிரியர் றொனால்ட் பிஷர் (1890–1962). அக்காலத்தில் அவர் இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் விவசாய ஆய்வு நிலையத்திற் பணியாற்றிக்கொண்டிருந்தார். வயலிலிருந்தும் ஆய்வுகூடத்திலிருந்தும் எண்களைச் சுமந்து வருவோர்க்கு அவ்வெண்களின் பொருளை எடுத்துரைப்பதே அவர் தொழிலாயிருந்தது. நூலும் அத்தொழிலின் சாயலையே உடையது. கணித நிறுவல்களுக்கு அதில் இடமில்லை. அக்குறையைச் சுட்டினோர் பலர். ஆயினும் தன்னிடம் உள்ள பத்து எலிகளும் பன்னிரண்டு செடிகளும் தனக்கு எதனைச் சொல்கின்றன என்று கேட்கும் உயிரியலாளனை மனத்தில் இருத்தி எழுதப்பட்ட நூல் அது. அவ்வகையில் இன்றைய இணையப் பாடங்கள் யாவற்றுக்கும் அது மூத்த உறவு எனலாம்.

நூல் பதினான்கு பதிப்புகளைக் கண்டது. இறுதிப் பதிப்பு 1970 இல், ஆசிரியர் மறைந்து எட்டு ஆண்டுகளின் பின், வெளிவந்தது. இப்பதிப்புகளிடையே பிஷர் கையாண்ட ஒரு முறை நுட்பமானது. முதற் பதிப்பின் பிரிவு எண்களை அவர் பின்னைய பதிப்புகளிலும் மாற்றாது காத்தார். புதிய செய்தி சேரவேண்டியபோது அதற்குத் தசம எண்ணொன்றை இட்டு இடையிற் செருகினார். இணைமாறல் பற்றிய பகுப்பாய்வு 49.1 என்னும் எண்ணைப் பெற்றது இவ்வாறே. முதற் பதிப்பைக் கையில் வைத்திருந்த ஒருவர் 'இன்ன பிரிவைப் பார்க்க' என எழுதிவைத்த குறிப்பு, கால் நூற்றாண்டு கழித்துப் புதுப் பதிப்பை வாங்கியவர்க்கும் செல்லுபடியாயிற்று. பார்வைக்கு அழகற்ற முறைதான்; எண்கள் ஒழுங்கின்றிக் கிளைவிட்டு நிற்கும். ஆனால் அழகுக்காக ஆண்டுதோறும் பக்க முகவரிகளை மாற்றி, முன்னைய மாணவர் குறித்துவைத்த இணைப்புகள் யாவற்றையும் வெறுவெளிக்கு இட்டுச்செல்லும் இன்றைய பாடத் தளங்களோடு ஒப்பிடும்போது, அத்தசம எண்களின் பெருமை விளங்கும்.

இவ்வளவு கவனத்துடன் பேணப்பட்ட நூலிலேயே, பேணியதால் விளைந்த ஒரு கேடும் உண்டு. அதுவே இருபதில் ஒன்று என்னும் எல்லை. தற்செயலால் மட்டும் இத்தகைய வேறுபாடு தோன்றுவதற்கான நிகழ்தகவு 0.05 இற் குறைந்தால் அதனைப் பொருட்படுத்தத்தக்கதெனக் கொள்வது வசதியானது என்று பிஷர் 1925 இற் கூறினார். வசதி என்பதே அவர் காட்டிய காரணம். அவ்வெல்லையை நிலைநாட்டியவை அவர் சொற்களிலும் அவர் அட்டவணைகளே என்று கொள்ள இடமுண்டு. நிகழ்தகவின் பெறுமானங்கள் சிலவற்றை மட்டும் தலைப்பாக நிறுத்தி அவற்றின் கீழ் ரி முதலிய அளவைகளை அவர் நிரைப்படுத்தினார். கைப்பொறியாற் கணித்த காலத்தில், தான் பெற்ற எண் 0.05 என்னும் பத்தியிலுள்ள எண்ணினும் பெரிதா சிறிதா என்று பார்ப்பதே மாணவனால் இயல்வதாயிருந்தது. இன்று கணினி நிகழ்தகவை நான்கு தசமதானங்களுக்கு நொடிப்பொழுதில் தருகின்றது. அட்டவணை போயிற்று, அட்டவணை இட்ட தழும்பு போகவில்லை. 0.049 எனின் மகிழ்ச்சியும் 0.051 எனின் துயரும் கொள்ளும் மாணவன், தான் அறியாத ஒரு பழைய அச்சுப் பக்கத்தின் பத்தி அமைப்புக்கு வணக்கஞ் செலுத்துகின்றான்.

பிஷரே பிற்காலத்தில் இதனை ஏற்றாரல்லர். 1956 இல் வெளியான 'புள்ளிவிபரவியல் முறைகளும் விஞ்ஞான அனுமானமும்' என்னும் நூலில், எல்லா ஆண்டும் எல்லாச் சூழலிலும் ஒரே எல்லையைக் கொண்டு கருதுகோள்களைத் தள்ளும் விஞ்ஞானி எவரும் இலர் என்னும் கருத்தை அவர் வெளிப்படுத்தினார். 2016 இல் அமெரிக்கப் புள்ளிவிபரவியற் சங்கம் இதுபற்றி ஓர் அறிக்கையே வெளியிட நேர்ந்தது. விஞ்ஞான முடிவொன்று நிகழ்தகவுப் பெறுமானம் ஓர் எல்லையைக் கடந்ததா என்பதை மட்டும் நம்பி எடுக்கப்படலாகாது என அது அறிவுறுத்திற்று. நல்ல பாடம் கட்டளைகளைப் புதுப்பிப்பதோடு அமையாது, ஒரு காலத்து வசதி மறுகாலத்து விதியாக இறுகிவிடாமற் காத்தலும் வேண்டும். இணையப் பாடங்களுட் பல, கட்டளைகளைக் காலத்துக்கேற்ப மாற்றியபோதும் இவ்வெல்லையைப் பற்றிய வாக்கியத்தை மட்டும் தொடாது விட்டுள்ளன.

இனி, இவ்வாராய்ச்சிக்கு உயிர்நாடியாகிய ஓர் அட்டவணையைக் காண்போம். அது பத்து நோயாளரின் உறக்கம் பற்றியது.

1905 இற் குஷ்னி, பீபிள்ஸ் என்னும் இருவர், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரிலிருந்த மனநோய் மருத்துவமனையில் உறக்க மருந்துகள் பற்றி நடத்திய ஆய்வின் முடிவுகளை வெளியிட்டனர். நோயாளர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மருந்தினாலும் எத்தனை மணிநேரம் கூடுதலாக உறங்கினர் என்பது பல இரவுகளின் சராசரியாகக் குறிக்கப்பட்டது. டப்ளின் நகரத்துக் கின்னஸ் மதுவடிசாலையிற் பணியாற்றிய கொசெற் என்பார் 'ஸ்ரூடன்ற்', அதாவது மாணவன், என்னும் புனைபெயரில் 1908 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் அவ்வெண்களை எடுத்தாண்டார். பிஷர் அவரிடமிருந்து பெற்றுத் தம் நூலில் இட்டார். அன்று தொட்டு அவ்வட்டவணை ரி-சோதனையின் தலைமகனாக விளங்குகின்றது.

எண்கள் சரியாகவே வந்து சேர்ந்தன. முதல் மருந்தினால் நோயாளர் சராசரியாக 0.75 மணிநேரமும், இரண்டாவதினால் 2.33 மணிநேரமும் கூடுதலாக உறங்கினர். ஆளுக்கு ஆள் கணித்த வேறுபாட்டின் சராசரி 1.58, அதன் நியம விலகல் 1.23, ரி 4.06, சுயாதீனப் படிகள் 9. ஆனால் மருந்துகளின் பெயர்கள் பிழையாக வந்தன. ஒரே பொருளின் வலஞ்சுழி, இடஞ்சுழி வடிவங்களிரண்டு என்று கொசெற் தலைப்பிட்டார். பிஷரின் முதற் பதிப்பும் ஹயோசயமினின் ஒளியியற் சமபகுதியங்கள் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வென்றே கூறிற்று. உண்மையில் ஒன்று ஹயோசயமின், மற்றது ஹயோசின். இரண்டும் வேறு வேறு பொருள்கள். 1994 இற் சென், றிச்சாட்சன் என்னும் இருவர் இம்முதல் ரி-சோதனையின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்து எழுதினர். கணிதத்தை மட்டும் நோக்குவோர்க்கு இப்பிழை ஒரு பொருட்டன்று. மருந்தின் பெயர் எதுவாயினும் ரி 4.06 தான். உயிரியல் மாணவனுக்கோ வினாவே மாறிவிடுகின்றது. ஒரு மூலக்கூற்றின் வடிவம் திரும்பினால் அதன் தொழில் மாறுமா என்பது ஒரு வினா. இரு வேறு மருந்துகளுள் எது மிக உறங்கச் செய்யும் என்பது வேறொரு வினா. எண்ணைக் காத்து வினாவை இழந்த பாடம், உயிரியலுக்கு உரிய பாடமாகாது.

அவ்வட்டவணையே இன்று 'ஆர்' என்னும் கணிப்பு மொழியினுள் 'உறக்கம்' என்ற பெயருடன் உறைகின்றது. நியூசிலாந்தின் ஓக்லன்ட் பல்கலைக்கழகத்தில் இஹாக்கா, ஜென்ரில்மன் என்னும் இருவர் தொடக்கிய அம்மொழி 2000 ஆம் ஆண்டு முதலாம் பதிப்பாக முழுமை பெற்றது. விலையின்றிக் கிடைப்பது, ஆதலின் உயிரியற் புள்ளிவிபரவியற் பாடங்களிற் பெரும்பகுதி அதன் மீதே எழுப்பப்பட்டுள்ளது. அங்கு இருபது வரிகள்: பத்து வரிகளில் முதல் மருந்து, பத்து வரிகளில் இரண்டாவது. அவற்றைத் தனித்தனிக் குழுக்களாகக் கொண்டு சோதித்தால் நிகழ்தகவு 0.079. ஒரே ஆளின் இரு அளவீடுகளாக இணைத்துச் சோதித்தால் 0.0028. எண்கள் அவையே, எவர் எவரோடு இணைந்தவர் என்னும் அறிவொன்றே இவ்வளவு வேற்றுமையைச் செய்கின்றது. சோதனை அமைப்பின் இன்றியமையாமையை விளக்குவதற்கு இதனிலும் சிறந்த எடுத்துக்காட்டை ஓர் ஆசிரியர் தேடிப் பெறல் அரிது.

நெடுங்காலமாக அம்மொழியில் இச்சோதனையை ஒரே வரியிற் செய்ய முடிந்தது. கூடுதல் உறக்கத்தைக் குழுவின்படி பிரித்து, 'இணைந்தது' என்றொரு குறிப்பை இட்டால் விடை கிடைக்கும். மொழியின் சொந்த உதவிப் பக்கமே அவ்வாறு கற்பித்தது. பாடங்களும் அதனைப் பெயர்த்து எழுதிக்கொண்டன. 2024 ஏப்பிரலில் வெளியான 4.4.0 என்னும் பதிப்பு அவ்வழியை அடைத்துவிட்டது. அன்று தொட்டு அக்கட்டளையை இடுவோர்க்கு விடைக்குப் பதிலாகப் பிழைச் செய்தியே கிடைக்கும்.

இம்மாற்றத்தைக் கண்டு சினங்கொள்ளும் ஆசிரியரின் நிலை இரங்கத்தக்கதே. பரீட்சைக்கு முன்னாளில் இவ்வாறு நேர்ந்தால் எவர்க்கும் சினம் வரும். ஆயினும் மாற்றத்தின் காரணத்தை நோக்கின், பழைய கட்டளை ஒரு பொறியாயிருந்தமை புலனாகும். அது வரிகளின் ஒழுங்கையே நம்பி இணைத்தது: முதற் குழுவின் முதல் வரிக்கு இரண்டாம் குழுவின் முதல் வரி, இரண்டாவதற்கு இரண்டாவது. எவரேனும் வரிகளை வேறு ஒழுங்கில் அடுக்கிவிட்டால், ஒரு நோயாளியின் உறக்கம் மற்றொருவர் உறக்கத்தோடு இணைக்கப்பட்டு, எச்சரிக்கை எதுவுமின்றிப் பிழையான விடை வெளிவரும். இப்போதோ, எந்த அளவீடு எந்த அளவீட்டுக்கு இணை என்பதை மாணவனே வெளிப்படையாகக் கூறவேண்டும். கட்டளை நீண்டது, ஆனால் உயிரியல் வினா கட்டளையினுள்ளேயே இடம்பெற்றுவிட்டது.

இவ்விடத்திலேதான் பேணுவோரின் தகுதி வெளிப்படுகின்றது. உடைந்த வரியை நீக்கி ஓடும் வரியை இட்டு, பாடம் மீண்டும் இயங்குகின்றதெனக் கைகழுவுவோர் ஒரு வகையினர். ஏன் உடைந்தது என்பதையே பாடத்தின் புதிய பத்தியாக எழுதுவோர் மற்றொரு வகையினர். முன்னையோர் பாடத்தைப் பழுதுபார்த்தனர்; பின்னையோர் அதனை வளர்த்தனர்.

இதே அட்டவணையில் ஒன்பதாம் நோயாளியைப் பற்றியும் ஒரு சொல். அவரது வேறுபாடு 4.6 மணிநேரம்; ஏனையோர் எவரும் 2.4 ஐத் தாண்டவில்லை. இரண்டாம் மருந்துக்கு மிகச் சாதகமான சான்று அவரே. அவரை நீக்கிக் கணித்தால் மருந்தின் சிறப்புக் குன்றும் என்றே மாணவர் எதிர்பார்ப்பர். கணித்துப் பார்த்தால் ரி 4.06 இலிருந்து 5.66 ஆக உயர்கின்றது. வேறுபாட்டின் சராசரி குறைந்தபோதிலும் சிதறல் அதனிலும் மிகுதியாகக் குறைந்தமையே காரணம். பதினைந்து நிமிடத்தில் ஒரு வகுப்பே விழித்தெழக்கூடிய இக்கணக்கு, கட்டளைகளைக் கற்பிப்பதையே நோக்கமாகக் கொண்ட பாடங்களில் இடம்பெறுதல் அரிது. கருவி எத்தனை முறை மாறினும் இக்கணக்கு மாறாது என்பது குறிப்பிடத்தக்கது.

எல்லா மாற்றங்களும் இவ்வாறு பொருள் பொதிந்தவையல்ல. 2020 ஏப்பிரலில் வந்த 4.0.0 என்னும் பதிப்பு, கோப்பிலுள்ள சொற்களைத் தானாகவே வகைகளாக மாற்றும் பழைய வழமையைக் கைவிட்டது. முன்னர் 'ஆண்', 'பெண்' என்ற பத்தியைச் சுருக்கிக் காட்டென்றால் ஆண் இத்தனை, பெண் இத்தனை என்று விடை வந்தது. பின்னர் இத்தனை சொற்கள் உள்ளன என்பதற்கு மேல் எதுவும் வாராதாயிற்று. பாடத்தில் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. அதற்கு மேல் அதிற் கற்பதற்கு மிகுதியில்லை.

2019 இன் மாற்றம் சிறிது சுவையானது. எழுமாற்று மாதிரி எடுக்கும் முறையிலிருந்த ஒரு சிறு கோணலை 3.6.0 பதிப்புத் திருத்தியமையால், ஒரே தொடக்க எண்ணை இட்டாலும் முன்னைய மாதிரி கிடைக்காதாயிற்று. பாடத்தில் அச்சிட்ட சராசரியும் மாணவனின் சராசரியும் வேறுபட்டன. பலர் இதனைக் கேடென்றே கருதினர். ஆனால் மாதிரிக்கு மாதிரி விடை மாறும் என்பதைக் கற்பிக்கவந்த பாடத்தில், எல்லார் விடையும் ஆசிரியர் விடையோடு ஒத்திருத்தல் வேண்டும் என எதிர்பார்த்ததே முரண் அன்றோ? வகுப்பிலுள்ள முப்பது மாணவர் முப்பது சராசரிகளைப் பெற்று அவற்றைக் கரும்பலகையில் நிரைப்படுத்தினால், நியம வழு என்பது யாதென்று வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

தரவுக்கோவைகளிலும் ஏட்டுப் பிழை உண்டு. எட்கார் அண்டர்சன் என்னும் தாவரவியலாளர் திரட்டிய ஐரிஸ் மலர்களின் அளவீடுகளைப் பிஷர் 1936 இல் ஒரு கட்டுரையில் வெளியிட்டார். மூன்று இனங்கள், இனத்துக்கு ஐம்பது பூக்கள், பூவுக்கு நான்கு அளவுகள். உலகில் இதனினும் மிகுதியாக வகுப்பறைகளிற் பயின்ற தரவு இருத்தல் அரிது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்துத் தரவுக் களஞ்சியத்தில் இடம்பெற்ற படியில் இரு வரிகள் பிழைபட்டிருந்தன. மூலத்தில் 35 ஆம் பூவின் அல்லியிதழ் அகலம் 0.2 சென்ரிமீற்றர், படியில் 0.1. 38 ஆம் பூவின் புல்லியிதழ் அகலம் மூலத்தில் 3.6, அல்லியிதழ் நீளம் 1.4, படியில் முறையே 3.1, 1.5. விளைவாக, 10 ஆம் வரியும் 35 ஆம் வரியும் 38 ஆம் வரியும் ஒன்றுபோலாயின. ஒரே எண்ணில் தொடங்கும் வரிகளிடையே பெயர்த்தெழுதுவோன் கண் வழுக்கிய கதையை இது நினைவூட்டுகின்றது. சுவடிகளை ஒப்புநோக்கி 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் இதனைக் கண்டிருந்தால் வியப்படைந்திருக்கமாட்டார். ஆர் மொழியிலுள்ள படியில் இப்பிழை இல்லை. ஆகவே ஒரு பாடம் எந்தப் படியைப் பின்பற்றியது என்பதைக் கூறாவிடின், இரண்டாம் தசமத்தில் விடை வேறுபடும்போது எவர்க்கும் காரணம் விளங்காது. பாடபேதம் காட்டும் ஒழுக்கம் இலக்கியப் பதிப்பாளர்க்கு மட்டும் உரியதன்று.

அம்மலர்த் தரவு வெளியான ஏடு, மாந்தரைத் தெரிந்தெடுத்து இனத்தை மேம்படுத்தலாம் என்னும் யூஜெனிக்ஸ் கொள்கையின் பெயரைத் தாங்கியது. பிஷரும் அக்கொள்கையை ஆதரித்தவர். இதனை உறுத்தலாக உணர்ந்த ஆசிரியர் பலர் வேறு தரவை நாடினர். 2020 இல் அன்ராட்டிக்காவின் பாமர் நிலையத்தருகே அளக்கப்பட்ட பென்குயின்களின் தரவு பாடங்களுக்கேற்ற வடிவில் வெளியிடப்பட்டது. 2025 இல் ஆர் மொழியே அதனைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது. மூன்று இனங்களைச் சேர்ந்த 344 பறவைகள் அதில் உள்ளன. அவற்றுட் சிலவற்றின் பால் தெரியாது. இரண்டுக்கு அளவுகளே இல்லை. மலர்த் தரவில் இவ்வாறான வெற்றிடங்கள் இருக்கவில்லை. களத்தில் இறங்கும் உயிரியலாளன் வெற்றிடமில்லாத் தரவை வாழ்நாளிற் காண்பது அரிதாகலின், இக்குறை பாடத்துக்கு ஒரு நிறைவே.

மேலும், இப்பறவைகள் யாவற்றையும் ஒருங்கே எடுத்து, சொண்டின் நீளத்துக்கும் ஆழத்துக்கும் உள்ள இணைபுக் குணகத்தைக் கணித்தால் −0.24 வரும்: சொண்டு நீள நீள ஆழம் குறைகின்றது என்பது முடிபு. இனம் இனமாகப் பிரித்தாலோ 0.39, 0.65, 0.64 எனக் குறி மாறிவிடுகின்றது. ஒவ்வோர் இனத்தினுள்ளும் நீண்ட சொண்டு ஆழமானதும் ஆகும். பறவையை அறிந்தவனே எண்ணை அறிவான் என்பதற்கு இது தக்க சான்று. எனினும் இம்மாற்றத்தைச் செய்தோர் எல்லாரும் பறவையை நோக்கினர் எனக் கூறல் இயலாது. மலர் என்ற இடத்திற் பென்குயின் என்று மாற்றி, பாடத்தின் ஏனைய சொற்களை அவ்வாறே விட்ட பக்கங்களும் உள்ளன. அவற்றில் 344 என்ற எண் ஒரு படியிலும் 333 என்ற எண் மறுபடியிலும் தோன்றும். இடையிற் பதினொரு பறவைகள் எங்கே பறந்தன என்பதற்கு விளக்கமில்லை.

கருவிக்கு இடங்கொடுத்து உயிரியலே தன் பெயர்களை மாற்றிக்கொண்ட நிகழ்ச்சியும் உண்டு. மார்ச் 1, செப்ட் 2 போன்ற சுருக்கப் பெயருடைய மரபணுக்களை எக்செல் என்னும் விரிதாள் மென்பொருள் திகதிகளாகத் திரித்துவந்தது. மரபணுப் பட்டியல்களை அம்மென்பொருளில் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்திலொன்று இப்பிழையுடையதென 2016 இல் ஓர் ஆய்வு காட்டிற்று. 2020 இல் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு அப்பெயர்களையே மாற்றிவிட்டது.

மென்பொருளும் தரவும் இவ்வாறு மாறிக்கொண்டிருக்க, பாடத்தை எவ்வாறு அமைத்தால் அது தாங்கும் என்பதற்கு ஒரு நூலைச் சான்றாகக் காட்டலாம். அமெரிக்காவின் டெலவெயார் பல்கலைக்கழகத்து ஜோன் மக்டொனால்ட் இயற்றிய 'உயிரியற் புள்ளிவிபரவியற் கைந்நூல்' இணையத்தில் எவரும் விலையின்றிப் படிக்கக் கிடைப்பது. அதன் மூன்றாம் பதிப்பு 2014 இல் வெளிவந்தது. அந்நூலின் அத்தியாயங்கள் ஏறக்குறைய ஒரே அமைப்புடையன. சோதனையை எப்போது பயன்படுத்துவது, சூனியக் கருதுகோள் யாது, சோதனை எவ்வாறு தொழிற்படுகின்றது, அதன் எடுகோள்கள் எவை, உயிரினங்களிலிருந்து எடுத்துக்காட்டுகள் எவை, இவையெல்லாம் முன்னே. எந்தக் கருவியால் எவ்வாறு கணிப்பது என்பது பின்னே. நடை எளியது, சிலவிடங்களில் நகைச்சுவையும் உண்டு. இவ்வமைப்பைச் சலிப்பூட்டுவதென்போர் உளர்; தொடர்ந்து படித்தால் அது உண்மையுமாகும். ஆனால் கருவியைக் கடைசியில் வைத்தமையால் நேர்ந்த நன்மை பெரிது. ஆசிரியர் விரிதாளையும் 'சாஸ்' என்னும் மென்பொருளையும் கருவிகளாகக் கொண்டிருந்தார். ஆர் மொழி பரவியபோது, 2015 இல் சல்வற்றோரே மாஞ்சியாபிக்கோ என்பார் அந்நூலுக்கு ஆர் மொழித் துணைநூலொன்றை இயற்றினார். மூல நூலின் முற்பகுதியிற் கைவைக்க வேண்டிய தேவை அவர்க்கு இருக்கவில்லை. நூலின் குறையும் கருவிப் பகுதியிலேயே உண்டு: பிறர் நடத்தும் கணிப்புப் பக்கங்களை அது சுட்டுகின்றது, பிறர் பக்கங்களின் ஆயுள் பிறர் கையில், ஆயத்தமான விரிதாள்களில் எண்ணை இட்டதும் விடை வந்துவிடுதலால் இடைப்படிகள் மாணவன் கண்ணுக்கு மறைகின்றன.

இதற்கு மாறாக, விளக்கமும் கட்டளையும் வரிக்கு வரி பின்னிப்பிணைந்த பாடங்கள் இன்று பெருகியுள்ளன. எண்ணமும் செயலும் ஒருங்கே நடப்பதால் கற்போர்க்கு அவை இனியன. நன்கு பேணப்படும் வரை கைந்நூலினும் சிறந்தன என்றே கூறலாம். ஆனால் ஒரு வரி உடைந்தால் அதன்பின் வரும் யாவும் உடையும். எழுதியவர் வேறிடம் சென்றபின் அப்பாடத்தை ஏற்பவர், எது கருத்து எது கருவி என்று பிரித்தறிவதற்கே ஒரு தவணையைச் செலவிட நேரும். ஜோர்ஜ் ஸ்னெடெக்கர் 1937 இல் வெளியிட்ட 'புள்ளிவிபரவியல் முறைகள்' என்னும் நூல், 1967 இன் ஆறாம் பதிப்பில் வில்லியம் கொக்ரனை இணையாசிரியராக ஏற்று, ஸ்னெடெக்கர் 1974 இல் மறைந்த பின்னும் புதுப் பதிப்புகளைக் கண்டது. அச்சுநூலுக்கு வாய்த்த அத்தகைய கைமாற்றம் இணையப் பாடங்களுக்கு முறையாக அமைவது அரிது. புதிய பாடம் எழுதியவர் பதவி உயர்வு விண்ணப்பத்தில் அதனைக் குறிப்பிடலாம். உடைந்த நாற்பது இணைப்புகளைச் சீர்செய்தவர் குறிப்பிட என்ன உண்டு?

உறக்க அட்டவணைக்கு மீண்டும் வருதல் தகும். அதன் இரண்டாம் பத்திக்கு ஆர் மொழியில் 'குழு' என்று பெயர். உண்மையில் அங்கு இரு குழுக்கள் இல்லை. இரு மருந்துகளையும் உட்கொண்ட பத்துப் பேரே உள்ளனர். பெயர் தவறான எண்ணத்தைத் தரலாம் என்று அம்மொழியின் உதவிப் பக்கமே ஒப்புக்கொள்கின்றது. பெயரை மாற்றினால் அதனைச் சுட்டும் பழைய பாடங்கள் இயங்கா. ஆகையால் பத்தி அப்பெயருடனேயே இருக்கின்றது. அதன் கீழ், அப்பெயரை நம்பற்க என்னும் குறிப்பும் இருக்கின்றது.